முழங்கை தொட்ட தண்ணீர்

லண்டனில் நான் முதலில் பார்த்தது அரண்மனையும் இல்லை, ஆற்றுப் பாலமும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் தொட்டி. மோர்டனில் என் மகள் நித்யா வீட்டுக் குளியலறையில் கிடந்தது. தவளைப் பச்சை நிறம், நடுவில் குழந்தை சாய்ந்துகொள்ள ஒரு மேடு. பேத்தி பிறந்த அடுத்த வாரம் நான் போய் இறங்கினேன். அவளை அந்தத் தவளைக்குள் வைத்துத்தான் குளிப்பாட்ட வேண்டும் என்று வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சம்பந்தியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. மருமகன் குகனின் அம்மா பரமேஸ்வரியைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக் காலத்தில் இங்கே வந்து, ஓர் ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளராக வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். நானோ நாகர்கோவிலில் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லை, கையில் ஒரே ஒரு குழந்தை. விளங்குமா?

“காலை நீட்டி இருந்து, பிள்ளையைக் காலில போட்டு வார்த்தாத்தான் முதுகு நிமிரும், அக்கா” என்றார் சம்பந்தியம்மா.

“தொட்டியிலேயே குளிப்பாட்டலாம் சம்பந்தியம்மா. நான் காலமெல்லாம் பாடம் எடுத்ததே இதைத்தானே.”

“நீங்கள் பொம்மையை வைச்செல்லோ படிப்பிச்சனீங்கள்.”

எனக்குச் சுருக்கென்றது. உண்மையும் அதுதான். எங்கள் வகுப்பில் ஒரு ரப்பர் பொம்மை இருந்தது. அது அழாது, வழுக்காது, சம்பந்தி வீட்டு ஆட்களும் அதற்குக் கிடையாது. நான் துண்டை மடித்தேன். குழந்தையைத் தவளைக்குள் வைத்தோம். அவள் வீடே அதிரக் கத்தினாள். சம்பந்தியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மூன்றாம் நாள் நித்யாவுக்குப் பொறுமை போய்விட்டது. “ரெண்டு பேரும் எங்கயாவது வெளிய போயிட்டு வாங்கம்மா. நீங்க போனாதான் நான் கொஞ்சம் தூங்க முடியும்” என்று எங்கள் குளிர்கோட்டுகளை எடுத்துக் கையில் கொடுத்தாள். குகன் லீவில் இருந்தார். குழந்தைக்கு அவர் போதுமாம். ஆக, பெற்ற தாயையும் மாமியாரையும் ஒரே நேரத்தில் வீட்டை விட்டுத் துரத்திய பெருமை என் மகளுக்கு.

டூட்டிங்குக்குப் போனோம். மோர்டனில் பாதாள ரயில் ஏறினால் நாலாவது நிறுத்தம் என்று சொல்லி அழைத்துப்போய் மூன்றாவதிலேயே இறக்கிவிட்டார் சம்பந்தியம்மா. அதுதான் சரியான நிறுத்தமாம், ஏறிய இடத்தையும் சேர்த்து எண்ணிவிட்டாராம். மேலே வந்தால் எனக்குத் தலைகால் புரியவில்லை. முருங்கைக்காய், பனங்கிழங்கு, கறிவேப்பிலைக் கட்டு, பக்கத்திலேயே நான் கண்டிராத பெரிய பெரிய கிழங்குகள். “ஐயோ, எல்லாம் கிடைக்குதே” என்று நான் கடைக்குக் கடை நின்றேன். நாகர்கோவிலில் இருந்து பெட்டி நிறையச் சுமந்துவந்த மிளகாய்ப்பொடியை நினைத்து வெட்கமாக இருந்தது.

சாப்பாட்டுக் கடையில் எங்களுக்காக ஓர் அம்மாள் காத்திருந்தார். நெடிய உருவம், கருத்த நிறம், பஞ்சு போல் வெளுத்த குட்டை முடி, கழுத்தில் மஞ்சள் துணி. வயது எழுபதைத் தாண்டியும் முதுகு வளையவில்லை. அவரைக் கண்டதும் சம்பந்தியம்மா நிமிர்ந்து, “குட் ஆஃப்டர்நூன், சிஸ்டர்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. என்னை ஆட்டிப்படைக்கிற அம்மாவுக்கும் ஒரு மேலதிகாரி இருந்திருக்கிறார்.

அவர் பெயர் எஸி. கானாவைச் சேர்ந்தவர். சம்பந்தியம்மா வேலைபார்த்த வார்டுக்கு அவர்தான் தலைமை நர்ஸ். சோற்றுப்பெட்டியைப் பகிர்ந்து தின்ற பழைய உறவு போலிருக்கிறது. கடைக்காரரிடம் அவரே இடியப்பமும் சொதியும் சொன்னார். பிறகு கைப்பையில் இருந்து ஒரு போத்தலை எடுத்துக் கறுப்பாக எதையோ இடியப்பத்தின் மேல் போட்டார். காய்ந்த இறாலும் மிளகாயும் எண்ணெயில் வதக்கிய துவையல். நானும் கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்தேன். எங்கள் ஊர்க் கருவாட்டுச் சம்மந்திக்கு, துவையலைத்தான் சொல்கிறேன், அக்கா முறை. மூன்று இடியப்பம் கூடுதலாகப் போனது.

“பேத்தி எந்தக் கிழமை பிறந்தாள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் எஸி. அவரோடு எங்கள் பேச்செல்லாம் அந்த மொழியில்தான்.

நாங்கள் நட்சத்திரம் கேட்போம், நேரம் கேட்போம். அவர் கிழமை கேட்டார். புதன் என்றேன். “அப்படியானால் அவள் ஏகுவா” என்றார். அவருடைய மக்களுக்குள் பிறந்த கிழமையே பெயராம். ஞாயிறு பிறந்ததால் இவர் எஸி. புதன்கிழமைப் பெண்கள் எல்லோரும் ஏகுவா. “என் அம்மாவும் ஏகுவாதான்” என்று சொன்னவர், கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அவருடைய அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர். கானாவைப் பிரிட்டிஷ்காரர்கள் கோல்ட் கோஸ்ட் என்று வைத்திருந்த காலம். பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர்களே குறைவு. அதிலும் பயிற்சியை முடித்து வெள்ளை உடுப்புப் போட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். அவர்களும் எத்தனை வருடம் வேலைபார்த்தாலும் சிஸ்டர், அதாவது வார்டுத் தலைமை நர்ஸ், ஆக முடியாது. அந்தப் பதவி சீமையில் இருந்து கப்பலேறி வருகிறவர்களுக்கு.

“எனக்கு நாலு வயதில் அம்மா போய்விட்டாள்” என்றார் எஸி. “இரண்டாவது பிரசவத்தில். எங்கள் வீட்டில் இருந்து பார்த்தால் தெரிகிற மேட்டில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அது ஐரோப்பியர்களுக்கு. எங்களுக்கானது அரைநாள் தூரம். ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தவள் லாரியில் போகும்போதே போய்விட்டாள்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரிகளைப் பற்றிப் பெருமையாகப் பேசியே எனக்குப் பழக்கம். அங்கே படித்துத்தான் நான் ஆளானேன். மேட்டில் இருக்கும் ஆஸ்பத்திரியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

அம்மாவின் புகைப்படம் ஒன்றுகூட எஸியிடம் இல்லை. முகம் நினைவிலும் இல்லை. சித்தி சொன்ன ஒரு கதைதான் உண்டு. வெள்ளைக்காரர்கள் சினிமா வண்டியோடு வந்து அவருடைய அம்மாவைப் படம்பிடித்தார்கள். கைக்குழந்தை எஸியும் அதில் இருந்தார். அழுகை நிற்காததால் காலி பால் டப்பா ஒன்றை அவர் கையில் கொடுத்தார்கள். இதைச் சித்தி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

போன மாதம் லூயிஷாம் நூலகத்தில் ஒரு விளம்பரம். பழைய காலனிக் காலத்துச் சுகாதாரப் படம் ஒன்றைச் சுத்தப்படுத்தி இந்தச் சனிக்கிழமை திரையிடப்போகிறார்கள். படம்பிடித்த இடம் என்று எஸியின் ஊர்ப் பெயர் இருந்தது. அந்தப் படத்தில் ஒரு நர்ஸ் வருகிறாள் என்றும் இருந்தது. எஸி தன் சர்ச் ஆட்களையும் ஓய்வுபெற்ற நர்ஸ் தோழிகளையும் ஒருவர் விடாமல் அழைத்துவிட்டார். “என் அம்மா திரையில் வருகிறாள், வெள்ளை உடுப்பில். வந்து பாருங்கள்” என்று.

“வெள்ளிக்கிழமை எனக்கு மட்டும் தனியாகப் போட்டுக் காட்டுகிறார்கள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. பரமேஸ், நீ வருவாயா?”

“ஓம் சிஸ்டர், வாறன். அக்காவும் வருவா” என்றார் சம்பந்தியம்மா. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இடியப்பத்தை விட்டுவிட்டு ஓடித்தான் போயிருப்பேன். அவ்வளவு துடிப்பாக இருந்தது எனக்கு.

வெள்ளிக்கிழமை ரயிலில் சம்பந்தியம்மா தன் முதல் ஷிப்ட் கதையை ஆரம்பித்தார். நார்தர்ன் பாதை கென்னிங்டன் என்ற இடத்தில் இரண்டாகப் பிரிகிறது என்பதை லண்டனில் பாதி ஆயுளைக் கழித்தவருக்கு நானா நினைவுபடுத்த முடியும்? கதை முடிந்தபோது நாங்கள் பேங்க் நிலையத்தில் நின்றோம். போக வேண்டியது டோட்டன்ஹாம் கோர்ட் ரோடு. “இதுவும் லண்டன்தானே, பாத்து வையுங்கோ” என்றார் சற்றும் அசராமல். மூச்சிரைக்க நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எஸி வாசலிலேயே நின்றார். தலையில் புதுத் துணி கட்டியிருந்தார்.

அது பழைய படங்களின் காப்பகம். சின்ன அறை, சின்னத் திரை. அங்கே படங்களைப் பாதுகாக்கும் பெண், மூக்குக் கண்ணாடி போட்டவர், மெல்லிய குரலில் “சில வார்த்தைகள் உங்களை வருத்தக்கூடும்” என்று முன்கூட்டியே சொன்னார். விளக்கை அணைத்தார்.

கறுப்பு வெள்ளையில் ஓர் ஊர். தென்னை மரங்களைப் பார்த்ததும் எங்கள் கடற்கரை என்றே நினைத்தேன். ஓர் ஆங்கிலேயரின் குரல் கதை சொன்னது. ஒரு நல்ல தாய், ஓர் அறியாத தாய். நல்ல தாய் குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிப்போகிறாள். அங்கே வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ் சிரித்துக்கொண்டே குழந்தையைத் தராசில் வைக்கிறாள். எஸி முன்னால் சாய்ந்தார். நானும் சாய்ந்தேன். அழகான பெண். ஆனால் எஸியின் சாயல் துளியும் இல்லை. தராசில் இருந்த குழந்தையின் கையில் டப்பாவும் இல்லை.

அடுத்து அறியாத தாய் வந்தாள். கிழிந்த துணி, கலைந்த தலை. எஸியின் அதே நெற்றி, உதட்டை அழுத்தி வைத்துக்கொள்ளும் அதே விதம்.  சம்பந்தியம்மா என் தொடையைக் கிள்ளினார். திரையில் இருந்தது இளவயது எஸி. இடுப்பில் இருந்த குழந்தை ஒரு பால் டப்பாவை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது.

“இவளுக்கு எதுவும் தெரியாது” என்றது அந்தக் குரல். “இவளுடைய பாட்டி செய்ததையே இவளும் செய்கிறாள். பாருங்கள், குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுகிறாள்.”

அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டுத் தண்ணீர் வார்த்தாள்.

“நாங்களும் உப்பிடித்தானே வார்க்கிறனாங்கள்” என்று இருட்டில் சம்பந்தியம்மா முணுமுணுத்தார். எனக்கும் காது சுட்டது.

பிறகு அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல். தாய் மந்திரவாதியிடம் ஓடுகிறாள். கடைசியில் வெள்ளைத் துணி சுற்றிய ஒரு சின்ன மூட்டையை மடியில் வைத்து அழுகிறாள். குழந்தை இறந்துவிட்டது என்றது குரல். நல்ல தாயின் குழந்தை கைகொட்டிச் சிரித்தது. படம் முடிந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். விளக்கு வந்தது. எஸி தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

“முகத்தைப் பார்த்துவிட்டேன். அதற்குக் கடவுளுக்கு நன்றி” என்றார். “ஆனால் நாளைக்கு எல்லோரும் வருவார்கள். என் அம்மாவை எதுவும் தெரியாதவளாகப் பார்ப்பார்கள். பயிற்சி பெற்றவள் என்று சித்தி சொன்னது கட்டுக்கதை என்று நினைப்பார்கள். எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது. நாளைக்குப் போட வேண்டாம். நிறுத்திவிடுங்கள்.”

அவர் தோள் குலுங்கியது. சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் முதுகைத் தடவினார். எனக்கோ மனம் வேறு எங்கோ கொக்கி போட்டு நின்றது. அந்தக் குளியலில் ஏதோ ஒன்று. எத்தனையோ மாணவிகளின் கையைப் பார்த்து மார்க் போட்ட கண் இது.

“குளிப்பாட்டுற இடத்தை மட்டும் இன்னொரு தடவை போட முடியுமா?” என்று கேட்டேன்.

போட்டார். அவள் காலை நீட்டுகிறாள். குழந்தையைக் கிடத்துவதற்கு முன்பு, பக்கத்து வாளிப் பக்கம் குனிந்து, முழங்கையைத் தண்ணீருக்குள் விட்டு எடுக்கிறாள். கண்ணை மூடித் திறந்தால் தவறிப்போகும்.

“நிறுத்துங்க” என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. “எஸி, உங்க ஊர்ல தண்ணியோட சூட்டை எப்படிப் பார்ப்பாங்க?”

“கையை விட்டுத்தான்.”

“எங்க ஊர்லயும் அப்படித்தான். இல்லைன்னா தன் கால்ல கொஞ்சம் ஊத்திப் பார்ப்பாங்க. அடுப்பில காய்ச்சுப்போன கைக்குச் சூடு சரியாத் தெரியாது, முழங்கையை விட்டுப் பாருன்னு நமக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்க? நர்சிங் பள்ளிக்கூடம்தானே?”

எஸி திரையைப் பார்த்தார். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். எத்தனை தாய்மாருக்கு அவரே அதைச் சொல்லிக்கொடுத்திருப்பார். ஆனால் முதல்முறை அவர் கண்ணுக்கு முகம்தான் தெரிந்தது, அது இயற்கைதானே. எனக்கு அந்த முகத்தோடு உறவில்லை, அதனால் கையைப் பார்த்தேன்.

“பிள்ளையைத் தூக்கிற விதத்தையும் பாருங்கோ சிஸ்டர்” என்றார் சம்பந்தியம்மா, சிஸ்டருக்குப் புரியாது என்பதையும் மறந்து தமிழில். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். குழந்தையின் தலை தாயின் முன்கையில் படுத்திருக்க, அவள் விரல்கள் அதன் அக்குளைச் சுற்றிப் பிடித்திருந்தன. ஈர உடம்பு வழுக்காமல் இருக்கப் பள்ளியில் சொல்லித்தரும் பிடி. எங்கள் ரப்பர் பொம்மையை நான் பிடித்த அதே பிடி.

“அப்படியென்றால் என் அம்மாவை ஏன் அறியாதவளாகப் போட்டார்கள்?”

கண்ணாடி போட்ட பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார். இப்படிப்பட்ட படங்களை எடுக்கப் போனவர்கள் பலருக்கும் ஊர்மொழி தெரியாது. இப்படித் திரும்பு, இப்போது அழு என்று ஆங்கிலத்தில்தான் சொல்வார்கள். அது புரிந்து நடிக்கிறவர் வேண்டும். அதனால் ஆசிரியர்களையும் குமாஸ்தாக்களையும் ஆஸ்பத்திரி ஆட்களையும் பிடித்துக் கிராமத்து ஆட்களாக நடிக்க வைப்பது உண்டு. நர்ஸாக வருகிற பெண் சிரித்தால் போதும். அறியாத தாய்க்குத்தான் சொன்னது எல்லாம் விளங்க வேண்டும். “இந்தப் படத்தில் அப்படித்தான் நடந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நடந்திருக்கலாம்” என்றார்.

 எஸி சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். “எதுவும் தெரியாதவளாக நடிக்க, ஊரிலேயே அதிகம் படித்தவள் தேவைப்பட்டிருக்கிறாள்” என்றார். அவருக்கும் அதுதான் நடந்ததாம். பயிற்சி பெற்று லண்டன் வந்தவரை, முதலில் போன ஆஸ்பத்திரியில் இரண்டாம் தரப் பயிற்சியில் சேர்த்தார்களாம். தெரிந்த பாடத்தையே தெரியாதவர் மாதிரி மறுபடி படித்தாராம்.

“துரை சொன்னதையெல்லாம் அந்த மனுசி நடிச்சிருக்கிறா” என்றார் சம்பந்தியம்மா. “தன்ர பிள்ளைக்கு வார்க்கிற தண்ணியில மட்டும் நடிக்க ஏலாமப் போச்சு.”

அன்று மாலை மோர்டன் குளியலறையில் சம்பந்தியம்மா கீழே காலை நீட்டி உட்கார்ந்தார்.  வாளித் தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டு, “ஊத்தலாம்” என்றேன். எங்கள் குட்டி ஏகுவா கத்தவில்லை. நித்யா கதவோரம் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தவளை அதன்பின் துணி ஊறவைக்கப் பயன்பட்டது.

சனிக்கிழமை லூயிஷாமுக்குப் போக மறுபடியும் பேங்க் நிலையம். “நேற்றைக்குப் பிழையா வந்தது இண்டைக்கு உதவுது பாத்தீங்களோ” என்றார் சம்பந்தியம்மா. அங்கிருந்து ஓட்டுநரே இல்லாத சின்ன ரயில். முதல் இருக்கையில் நானே உட்கார்ந்து, கண்ணாடி மாளிகைகளுக்கு நடுவே வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். அதாவது அப்படி நினைத்துக்கொண்டேன். என் மடியில் சம்பந்தியம்மா சுட்ட உளுந்து வடை டப்பா சூடாக இருந்தது.

நூலக மண்டபம் நிறைந்திருந்தது. பூப்போட்ட கானாத் துணிகள், தொப்பி வைத்த ஜமைக்கா அம்மாக்கள், ஒரு மலேசியத் தமிழ் நர்ஸ், எல்லோரும் வார்டில் கால்வலிக்க நடந்தவர்கள். முந்தின நாள் எஸி நிறுத்தச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டாரா என்று எங்களுக்கும் தெரியாது. கேட்டதற்கு, “வந்து பாருங்கள்” என்று மட்டும் சொல்லியிருந்தார். 

எஸி மைக்கோடு திரைப் பக்கம் போய் நின்றார்.

“அம்மா நர்ஸாக வருகிறாள் என்று உங்களை அழைத்தேன். நான் சொன்னதில் பாதிதான் சரி” என்றார். “அந்தக் காலத்தில் இந்தப் படங்களை வண்டியில் கொண்டுவந்து சந்தையில் போடுவார்கள். ஆங்கிலம் புரியாத எங்களுக்கு, பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். இன்றைக்கு அந்த வேலை எனக்கு. ஆங்கிலக் குரலை நிறுத்திவிடச் சொல்லியிருக்கிறேன்.”

படம் சத்தமில்லாமல் ஓடியது. நர்ஸ் வந்தாள், எஸி ஒன்றும் சொல்லவில்லை. கிழிந்த துணியில் அடுத்தவள் வந்தாள். “இவள்தான் என் அம்மா. பெயர் ஏகுவா” என்றார் எஸி. மண்டபத்தில் ஒரு சலசலப்பு. யாரோ பாவப்பட்டு உச்சுக் கொட்டினார்கள். எஸி காத்திருந்தார். அம்மா காலை நீட்டினாள், வாளிப் பக்கம் குனிந்தாள்.

“முழங்கை” என்றார் முன்வரிசையில் ஒரு ஜமைக்கா அம்மாள்.

“முழங்கைதான்” என்றது இன்னொரு குரல். பின்வரிசையில் இருந்து இன்னொன்று. வார்த்தை வரிசை வரிசையாகப் போனது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு நர்ஸ்கள் கையை மடக்கிக் காட்டினார்கள். சம்பந்தியம்மா எழுந்தே நின்றுவிட்டார்.  எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

எஸி எதையும் விளக்கவில்லை. மந்திரவாதி வந்து போனான். திரையில் அந்தத் தாய், துணி மூட்டையை மடியில் வைத்து அழ ஆரம்பித்தாள்.

“இந்த இடத்தில் நான் செத்துப்போகிறேன்” என்றார் எஸி.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. திரைக்குத் திரும்பி, அழுகிற அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“துரை போதும் என்று சொன்னதும், அம்மா அந்த மூட்டையைக் கீழே போட்டுவிட்டு என்னைத் தூக்கிப் பால் கொடுத்திருப்பாள். அதை அவர்கள் படம்பிடிக்கவில்லை.”